நாலாவது மாடித் தண்ணீர்

“…தாகம் இல்லன்னு சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேன்க்கா. ஆனா இருந்துச்சே. பையத் தொறந்து அவங்க பாட்டில எடுத்து மடக்கு மடக்குனு குடிச்சாங்களே. அப்ப தொண்டையெல்லாம் காஞ்சுதான் இருந்துச்சு. என் டம்ளர்தான் ஆகல.”

அவள் கிரில் கதவுக்கு உள்ளே நின்றபடி இதை என்னிடம் சொன்னாள். சொன்னது டீச்சரைப் பற்றி. டீச்சர் என் பக்கத்திலேயேதான் நின்றிருந்தார். கதவில் பூட்டு தொங்கியது. உள்ளே சுவரோரமாக, ஜிப் மூட முடியாத அளவுக்குத் துணி திணித்த பெரிய பை ஒன்று இருந்தது. அதன்மேல் அவளுடைய சின்ன மகள் குதிரைமேல் உட்கார்ந்தது போல உட்கார்ந்திருந்தாள். பெரியவள் அடுப்படி வாசலில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது கம்போங் மேடானில் ஒரு அடுக்குமாடி வீடு. சனிக்கிழமை காலை. மத்தியானத்துக்கு அவளுடைய அண்ணன் லோரி எடுத்துக்கொண்டு வருவதாக ஏற்பாடு. அந்த லோரியில் இரண்டு பெண் பிள்ளைகளையும் ஏற்றித் தஞ்சோங் மாலிம் பக்கம் ஒரு பிள்ளைகள் இல்லத்தில் சேர்த்துவிடுவார். அதைத் தடுக்கத்தான் நாங்கள் போயிருந்தோம். தண்ணீரைப் பற்றிப் பேச வேண்டிவரும் என்று எங்கள் இருவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

எங்கள் சங்கம் பிரிக்ஃபீல்ட்ஸில், ஒரு பூமாலைக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. டீச்சர் தமிழ்ப்பள்ளி வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஆரம்பித்தது. மெத்தடிஸ்ட் கிறிஸ்தவக் குடும்பம், அப்பா ரயில்வேயில் இருந்தவர். டீச்சருக்கு ஒரே பிடிவாதம்தான். அப்பன் இல்லை, அம்மா வேலைக்குப் போகிறாள், பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்ற காரணத்துக்காக ஒரு பிள்ளை இல்லத்துக்குப் போகக் கூடாது. பள்ளி விட்டதும் எங்கள் வேன் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி வரும். சோறு போட்டு, வீட்டுப்பாடம் பார்த்து, சாயங்காலம் குளிக்க வைத்து வீட்டிலேயே கொண்டுபோய் விடுவோம். மாதம் ஒருமுறை அரிசி, எண்ணெய், பருப்பு, பால் டின் போட்ட ஒரு பை. அவ்வளவுதான். “புள்ளைன்னா ராத்திரி அம்மா வாசனையில தூங்கணும். மத்தத நாம பாத்துக்கலாம்” என்பார் டீச்சர். இல்லங்கள் கெட்டவை என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. “அங்க விட்ட புள்ள மொத மாசம் அழும். ரெண்டாவது மாசம் அழாது. எனக்கு அந்த ரெண்டாவது மாசத்தப் பாத்தாத்தான் பயம்” என்று மட்டும் சொல்வார்.

நான் அதே வரிசையில் ரவிக்கை தைக்கும் கடை வைத்திருந்தேன். பிள்ளைகளின் பள்ளிச் சட்டைக்குப் பொத்தான் வைக்க மாடியேறியவள் அப்படியே தங்கிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் நான் படித்தது கொஞ்சம். மற்றதெல்லாம் அந்த வேனில் கேட்டது. வேன் ஓட்டும் அண்ணன் முன்பு கிள்ளான் துறைமுகத்துக்கு லோரி ஓட்டியவர். பழைய கிள்ளான் சாலை நெரிசலில் வேன் நிற்கும்போதெல்லாம் அவர் வாயிலிருந்து ஏதாவது ஒன்று வரும். “ரோடு நம்மள நிப்பாட்டுதுன்னா ஏதோ கேக்கணும்னு நினைக்குது, பேசுங்கக்கா” என்பார். பேசுவோம்.

இப்போது எங்கள் சங்கத்துச் சட்டம் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் செலாயாங்கில் ஒரு வீட்டுக்குச் சாமான் கொடுக்கப் போயிருந்தோம். மொத்தவிலைச் சந்தையில் காய்கறி கழுவும் ஒரு தாய், மூன்று பிள்ளைகள். எங்களைக் கண்டதும் அவள் அடுப்பைப் பற்றவைத்துவிட்டாள். தமிழர் வீட்டில் வந்தவர் வாய் நனையாமல் போக முடியாது, அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். பால் ஊற்றி டீ, எங்கள் ஊர்ப் பேச்சில் தே, கலக்கிக் கொடுத்தாள். நல்ல கெட்டியாக இருந்தது. டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கடைசிப் பிள்ளையிடம், நீயும் இப்படித்தான் தினமும் பால் குடிக்கிறாயா என்று கேட்டார். அந்தப் பிள்ளை ரொம்பச் சாதாரணமாகச் சொன்னது: “இல்ல ஆன்டி, பால் டின்னு நீங்க வந்தா கலக்கறதுக்கு. அம்மா ஒளிச்சு வெச்சிருவாங்க.”

நாங்கள் மாதாமாதம் கொடுத்த பால் டின்னை நாங்களே குடித்துக்கொண்டிருந்தோம்.

 அடுத்த கூட்டத்தில் முதல் பேச்சே அதுதான். இனி எந்த வீட்டுக்குப் போனாலும் எதுவும் வாங்கிச் சாப்பிடக் கூடாது, குடிக்கவும் கூடாது. தண்ணீர்கூட வேண்டாம். தண்ணீர் என்று ஆரம்பித்தால் அது தேயில் போய்த்தான் நிற்கும். அவரவர் பாட்டிலில் கொண்டுபோக வேண்டும். எல்லாருக்கும் அது சரியாகப் பட்டது. ஓர் ஆள்கூட மறுத்துப் பேசவில்லை. வேன் அண்ணன் மட்டும், “எனக்கு இனிப்புநீர் வியாதி. டாக்டர் ஒரு சட்டம் போட்டாரு, இப்ப டீச்சரும் அதையே போட்டுட்டாங்க. இனி வீட்டுக்காரிதான் பாக்கி” என்றார்.

அதிலிருந்து நாங்கள் மறுப்பதில் கைதேர்ந்தவர்கள் ஆனோம். “இப்பத்தான் குடிச்சிட்டு வர்றோம்” என்பது எல்லாருக்கும் பொது. அண்ணன் வயிற்றைத் தட்டிக் காட்டுவார். நான் விரதம் என்பேன். ஒரே வீட்டில் செவ்வாய்க்கிழமையும் விரதம், வியாழக்கிழமையும் விரதம் என்று சொல்லி, “அக்கா எந்தச் சாமிக்குத்தான் விரதம் இல்ல” என்று ஓர் அம்மாள் கேட்டதும் உண்டு. உதவிக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் முதலில் சொல்லித் தருவது இதுதான். செருப்பை வெளியே விடு, பிள்ளைகளைப் படம் எடுக்காதே, எதுவும் குடிக்காதே.

கம்போங் மேடான்காரி எங்களிடம் வந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. அவள் புருஷன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனவன். “மொதல்ல காசு நின்னுச்சு, பொறவு போன் நின்னுச்சு. நான் மட்டும் நிக்க முடியுமா?” என்று அவள் முதல் நாளே சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அவளுக்குக் கிள்ளான் பக்கம் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் மத்தியான ஷிஃப்ட். பஸ் வந்து ஏற்றிப் போகும், இருட்டியபின் கொண்டுவந்து விடும். வேன் பிள்ளைகளை விட்டதிலிருந்து அவள் வரும்வரை பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாள், மாக்சிக் என்று எல்லாரும் கூப்பிடுகிறவர், பார்த்துக்கொள்வார். மாக்சிக் அவள் வீட்டுக்கு வந்து தரையில் உட்கார்ந்து, பால் இல்லாத தே ஓ குடித்துவிட்டுப் போகிறவர். இது எங்களுக்கு அப்போது முக்கியமான செய்தியாகப் படவில்லை.

அவளிடம் பேசுவது எனக்குப் பிடிக்கும். சுருக்கமாகப் பேசுவாள், ஒவ்வொன்றும் மனதில் நிற்கும். ஷிஃப்ட் எப்படி என்று கேட்டால், “கையுறை போடற பீங்கான் கைய எல்லாம் பாக்கிறேன்க்கா, எம்புள்ள கையத்தான் பாக்க முடியல” என்பாள். ஆனால் பேச்செல்லாம் கீழே காவல்காரர் கொட்டகை பக்கத்தில்தான். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் வேலை செய்வதை நான் பார்த்ததில்லை. அவளுக்கு ஷிஃப்ட் இல்லாத நாளில் சாமான் பையை அங்கேயே கொடுப்போம், அவள் தோளில் போட்டுக்கொண்டு ஏறிவிடுவாள். மேலே வரச் சொல்லி ஒவ்வொரு மாதமும் கூப்பிட்டாள். ஒவ்வொரு மாதமும் நாங்கள் அடுத்த மாதம் என்றோம்.

கடைசியில் டீச்சரே, இந்த மாதம் மேலே போய்ப் பார்த்துவிட்டே வரலாம் என்றார். பெரியவள் வாசிப்பில் நன்றாக முன்னேறியிருந்தாள். அதைத் தாயிடம் அவள் வீட்டிலேயே போய்ச் சொல்ல வேண்டும் என்று டீச்சருக்கு ஆசை. நாலு மாடி ஏறினோம். டீச்சர் ஒவ்வொரு மாடியிலும் நின்று வெளியே வேடிக்கை பார்ப்பது போல மூச்சு வாங்கினார். வீடு துடைத்துப் பளபளவென்று இருந்தது. நாங்கள் வருவதைச் சின்னவள் முன்னாலேயே சொல்லியிருப்பாள் போல. பாய் விரித்து, மின்விசிறியைப் பாய்ப் பக்கம் திருப்பி, தட்டில் உளுந்து வடை அடுக்கி வைத்திருந்தாள்.

டீச்சர் உட்கார்ந்ததும் இருமினார். அவள் ஓடிப்போய் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். டீச்சர் இருமலுக்கு நடுவே கையை அசைத்து, “இல்லம்மா, வேணாம்மா” என்று சொல்லிவிட்டு, கைப்பையைத் திறந்து தன்னுடைய நீலப் பாட்டிலை எடுத்துக் குடித்தார். அவள் டம்ளரைப் பிடித்தபடியே நின்றாள். வடையை, பிள்ளைகளுக்கு வைம்மா என்று சொல்லிவிட்டோம். அன்று நான் விரதம். பெரியவள் தட்டைப் பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள். வாசிப்பைப் பற்றி டீச்சர் நல்லபடியாகச் சொன்னார். அவள் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். கீழே வந்து வேனில் ஏறியதும், “எவ்வளவு சுத்தமா வெச்சிருக்கா பாத்தியா வீட்ட” என்றார் டீச்சர். சட்டத்தைச் சரியாகக் கடைப்பிடித்த நிம்மதியில் வந்து சேர்ந்தோம்.

அடுத்த நாள் பள்ளி விட்டதும் வேன் போனபோது பிள்ளைகள் ஏற வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. மாடி ஏறிய அன்று நாங்கள் கொடுத்த சாமான் பையைக் காவல்காரர், தேடிப் போன வேன் அண்ணனிடம் திருப்பிக் கொடுத்தார். கட்டிய முடிச்சு கட்டியபடியே இருந்தது.

மாடி அறையில் நாங்கள் உட்கார்ந்து பலவிதமாக யோசித்தோம். புருஷன் திரும்பி வந்துவிட்டானோ? வேறு சங்கம் ஏதாவது அதிகம் தருகிறதோ? மைனர் பிள்ளையைத் தனியாக விடுகிறாள் என்று யாராவது புகார் சொல்லிப் பயந்துவிட்டாளோ? ஒருவர், அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் என்றார். டீச்சர், தான் வாசிப்பைப் பற்றிப் பேசும்போது கணக்கில் பின்தங்கியிருக்கிறாள் என்று ஒரு வார்த்தை சொன்னதை நினைத்து நினைத்து வருத்தப்பட்டார். தண்ணீரை ஒருவரும் நினைக்கவில்லை. நாங்கள் நல்லது செய்தோம் என்று உறுதியாக இருந்த இடம் அது ஒன்றுதான். அங்கே போய்த் தேடுவானேன்?

இல்லத்தைப் பற்றிய செய்தி மாக்சிக் மூலமாக வந்தது. வேன் அண்ணன் மாக்சிக்கிடம் மலாயில் பேசிப் பார்த்திருக்கிறார். மாக்சிக், அந்தப் பெண் இரண்டு நாளாக அழுது அழுது துணி மடிக்கிறாள் என்றாராம். நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன், உங்களுக்கும் வயதாகிவிட்டது என்கிறாள், சனிக்கிழமை லோரி வருகிறது, நீங்கள் என்ன செய்தீர்கள் என்று அவரையே கேட்டாராம். என்ன செய்தோம் என்று தெரியாமல்தான் டீச்சரும் நானும் மறுபடி நாலு மாடி ஏறினோம்.

முதலில் டீச்சர்தான் பேசினார். பிள்ளைகள் உன்னைவிட்டுப் போகக் கூடாது, ஷிஃப்ட் பிரச்சினை என்றால் வேன் நேரத்தை மாற்றலாம், எதுவாக இருந்தாலும் சொல்லு என்றார். அவள் எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டுவிட்டு என்னைப் பார்த்துத் திரும்பிச் சொன்னதுதான் மேலே முதலில் நான் எழுதியது. என் டம்ளர்தான் ஆகல.

டீச்சருக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. கை தானாகக் கைப்பையின் வாயை மூடியது.

அவள் தொடர்ந்து சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவளும் அவனும் விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். அவன் வீட்டார் காப்பார் என்ற ஊரில் இருந்தார்கள். அவளை அவர்களுக்குப் பிடிக்கவில்லை, ஏன் என்று நம் ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பேத்தி பிறந்ததும் மாமியார் பார்க்க வந்தார். வரும்போது கையில் தண்ணீர் பாட்டில். பிள்ளையைத் தூக்கினார், கொஞ்சினார், தங்கமே என்றார். தண்ணீர் மட்டும் தன் பாட்டிலில். வந்தபோதெல்லாம் அப்படித்தான். ஒருநாள், பிள்ளையை எங்களிடமே கொடுத்துவிடு, எங்கள் வீட்டுப் பிள்ளையாக வளரட்டும் என்று கேட்டார். அன்றைக்கு அவர்கள் உறவு முடிந்தது.

“தண்ணி வேணாம், புள்ள மட்டும் வேணும்,” என்றாள் அவள். “அதே கததான்னு நெனச்சேன்க்கா. டீச்சர் சர்ச்சுக்காரங்க, அவங்ககிட்ட இதெல்லாம் இருக்காதுன்னு இருந்தேன். மாக்சிக் வேற மதம், அவங்களே என் வீட்டுல உக்காந்து குடிக்கிறாங்க. நீங்க நம்மாளுங்க, மூணு பேரு வந்தீங்க, ஒருத்தர் வாய்கூட நனையல.”

மூன்றாவது ஆள் அன்றைக்குக் கூட வந்த ஒரு கல்லூரிப் பெண். அவளும் சட்டப்படி நடந்தாள்.

“அதனாலயா இல்லத்துக்கு அனுப்புற?” என்று நான் கேட்டேன்.

“இல்லத்துல யாரும் என் வீட்டுக்கு வரமாட்டாங்கக்கா. குடிக்கிறாங்களா இல்லையான்னு பாக்க வேண்டியதில்ல.”

டீச்சர் செலாயாங் கதையைச் சொன்னார். நடைபாதையில் நின்றுகொண்டே, ஒன்றும் விடாமல் சொன்னார். காய்கறி கழுவும் தாய், ஒளித்து வைத்த பால் டின், கடைசிப் பிள்ளை சொன்னது, கூட்டம், சட்டம். அவர் வகுப்பில் பாடம் நடத்தும் குரல் எனக்குத் தெரியும், இது அது இல்லை. பக்கத்து வீட்டில் மாக்சிக் துணி காயப்போட வெளியே வந்து, தமிழ் புரியாமலே, ஒரே சட்டையை இரண்டு முறை உதறிக்கொண்டு நின்றார். கீழேயிருந்து வேன் அண்ணன் எனக்குப் போன் செய்து, காவல்காரர் வேனை எடுக்கச் சொல்கிறார், நான் சுற்றிச் சுற்றி வருகிறேன், சீக்கிரம் கல்யாணம் பேசி முடியுங்கள் என்றார். நான் போனை வைத்துவிட்டேன்.

அவள் கதையைக் கேட்டு முடித்தாள். செலாயாங் பிள்ளைக்கு இப்போது என்ன வயது என்று கேட்டாள். டீச்சர் சொன்னார்.

“சட்டம் நல்ல சட்டம்தான் டீச்சர்,” என்றாள். “எங்களக் காப்பாத்தப் போட்டீங்க. எங்கள ஒரு வார்த்த கேட்டீங்களா?”

டீச்சர் இல்லை என்றார்.

“அந்தப் பொம்பள ஒளிச்சு வெச்சது உங்களுக்குப் பாவமாப் போச்சு. அவளுக்கு அது பெருமையா இருந்திருக்கும். மாசத்துல ஒருநாளு அவ வீட்டுக்கு ஆள் வருது.”

இதற்குள் அவள் கைபேசி அடித்தது. எடுத்து, சரிண்ணே, சரிண்ணே என்று இரண்டு முறை சொல்லி வைத்தாள். லோரி கிளம்பியாகிவிட்டது போல. சின்னவள் பைமேல் உட்கார்ந்தபடி, “மாமாவா?” என்று கேட்டாள். 

டீச்சர் கிரில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “தண்ணி கொடும்மா, குடிக்கிறேன்” என்றார்.

“இப்ப நீங்க கேக்குறது தண்ணி இல்ல டீச்சர். புள்ளைங்கள.”

டீச்சர் ஆமாம் என்றார். வேறு என்ன சொல்ல முடியும்? அப்புறம், “தண்ணியும்தான்” என்றார். நாலு மாடி ஏறி வந்தவர், உதடு வெளுத்திருந்தது.

அவள் சாவியை எடுத்தாள். பூட்டைத் திறந்து நடைபாதைக்கு வந்து கையை நீட்டினாள். “அந்தப் பாட்டிலக் கொடுங்க.”

டீச்சர் கைப்பையிலிருந்து நீலப் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். அவள் மூடியைத் திருகி, உள்ளே இருந்த எங்கள் சங்கத்துத் தண்ணீரை எல்லாம் வாசலில் இருந்த கறிவேப்பிலைத் தொட்டியில் ஊற்றினாள். கடைசிச் சொட்டு வரும்வரை கவிழ்த்துப் பிடித்தாள். கதவைச் சாத்தாமல் உள்ளே போனாள். கெண்டி மூடி திறக்கும் சத்தமும் தண்ணீர் விழும் சத்தமும் கேட்டன. பிறகு அவள் குரல், போனில்: லோரிய வேற வேலைக்கு அனுப்புண்ணே, பொறவு சொல்றேன். பெரியவளிடம் ஏதோ சொன்னாள். பள்ளிப்பைகள் இரண்டு வந்து எங்கள் செருப்புகள் பக்கத்தில் நின்றன. துணிப்பை இருந்த இடத்திலேயே இருந்தது.

அவள் வெளியே வந்து, கழுத்துவரை தளும்பிய பாட்டிலைச் சின்னவள் கையில் கொடுத்து, டீச்சரிடம் கொடு என்றாள். மூடியைத் தன் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.